ஒரு பழைய பிக்கப்பின் கோளாறை யார் கண்டுபிடிப்பது?

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றி. முன்னால் இரண்டு மூன்று பேர் உட்கார ஒரு கேபின், பின்னால் சாமான் ஏற்ற ஒரு திறந்த தொட்டி, அவ்வளவுதான் பிக்கப். ஃபோர்டு எஃப்-100, செவர்லே சி-10, டாட்ஜ் டி-100 என்று 1950-களிலிருந்து 1970-கள்வரை லட்சக்கணக்கில் வெளிவந்த இந்த வண்டிகள் பண்ணைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்துத் தேய்ந்தவை. இன்று அவற்றைத் தேடிப் பிடித்து, பழுது நீக்கி, மறுபடி சாலையில் ஓடவிடும் ஆர்வலர்கள் அந்நாட்டில் ஏராளம். விடுமுறை நாளில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நாலைந்து பேர் கூடி ஒரே எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது அங்கே சாதாரணக் காட்சி. இதைப் பழம்பொருள் மோகம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. என் கருத்து வேறு. பழைய வண்டியைச் சீர்செய்வதில் மிகக் கடினமான பகுதி கோளாறுக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான். வெல்டிங்கும் பெயின்டும் அதற்கு அப்புறம். அந்தக் காரணத்தை ஒரு தனி ஆளும் ஒரு புத்தகமும் சேர்ந்து கண்டுபிடித்துவிட முடியாது. பலர் பார்த்ததும், பலர் அளந்ததும், பலர் ஏமாந்ததும் ஓரிடத்தில் சேர வேண்டும். அப்படிச் சேர்வதற்கென்று சில முறைகள் இருக்கின்றன. அந்த முறைகளைக் காப்பாற்றுகிற வரைதான் இந்தக் கூட்டங்களுக்கு மதிப்பு என்பதைத்தான் நான் நிறுவப் பார்க்கிறேன்.

முதலில் எழும் கேள்வி நியாயமானது: கம்பெனி மேனுவல் இருக்கிறதே, அது போதாதா? அமெரிக்கக் கம்பெனிகள் அந்தக் காலத்தில் வெளியிட்ட பழுதுநீக்கும் மேனுவல்கள் அருமையானவை. எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த ஒயர் எந்த நிறம், எது எதற்குப் போகிறது என்று எல்லாம் படத்தோடு இருக்கும். அவை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஆனால் அந்த மேனுவல் ஒரு வண்டியைத்தான் விவரிக்கிறது: தொழிற்சாலை வாசலைத் தாண்டி வந்த வண்டியை. ஐம்பது வருஷம் கழித்து நம் முன்னால் நிற்பது அந்த வண்டியே இல்லை. நாலைந்து பேர் கைமாறியிருக்கும். எஞ்சின் வேறொரு வருஷத்து வண்டியிலிருந்து வந்திருக்கும். டிரெய்லருக்கு விளக்கு வேண்டும் என்று ஒருவர் பின்புற ஒயரை அறுத்து ஒட்டுப்போட்டிருப்பார். அடுத்தவர் கையில் கிடைத்த நிறத்து ஒயரால் அதை நீட்டியிருப்பார். மேனுவலின் படத்தில் பச்சையில் மஞ்சள் கோடு போட்ட ஒயர் என்று இருக்கும் இடத்தில் நமக்குக் கிடைப்பது சிவப்பு. இன்னொரு குறை இதைவிட ஆழமானது. மேனுவலை எழுதியவர்கள் பார்த்த கோளாறுகள் வண்டியின் முதல் சில வருஷங்களில் வருபவை. ரப்பர் கெட்டித்துப்போவது, பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகவும் உள்ளே அடைத்தும் இருப்பது, இவையெல்லாம் அவர்கள் மேசைக்கு அரிதாகவே வந்திருக்கும். உள்ளே வீங்கிய பிரேக் ஹோஸ் பெடலை மிதிக்கும்போது எண்ணெயை விட்டுவிடும். காலை எடுத்தபின் திரும்பி வர விடாது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே ஓடும். வீல் சிலிண்டர், ஷூ, டிரம் எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் பிடிக்கும். ஹோஸைச் சந்தேகப்படச் சொல்லித்தருவது பெரும்பாலும் அதே சிக்கலில் ஏற்கெனவே மாட்டியவர்தான்.

இதை இன்னும் கிட்டத்தில் பார்க்க ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் 1965-இல் வந்து 1996 வரை பிக்கப்புகளில் தொடர்ந்தது. கிராங்க் ஷாஃப்டை ஏழு மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன; கேம் ஷாஃப்டைச் செயினுக்குப் பதில் பல்சக்கரங்களே ஓட்டுகின்றன. முரட்டு உழைப்பாளி என்று பேரெடுத்த எஞ்சின். அதன் முன்பக்கத்தில் கிராங்க் ஷாஃப்டின் அதிர்வை அடக்க ஒரு கனத்த பேலன்சர் இருக்கிறது. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே ஒட்டிய ரப்பர். பிளக் எப்போது பொறி விடுகிறது என்ற இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்க்கும் கோடு அந்த வெளி வளையத்தில்தான் வெட்டப்பட்டிருக்கும். பல பத்தாண்டு சூட்டிலும் எண்ணெயிலும் ரப்பர் தளர்ந்து வெளி வளையம் மெல்ல நழுவும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. இப்போது ஒருவர் மேனுவலைத் திறந்து, டைமிங் லைட்டைப் பிடித்து, சொன்ன டிகிரிக்குச் சரியாக வைக்கிறார். எஞ்சின் இழுவை இல்லாமல் மந்தமாக ஓடுகிறது, சூடேறுகிறது. கார்புரேட்டரைக் கழற்றுகிறார், பெட்ரோல் பம்பை மாற்றுகிறார். மேனுவலை அட்சரம் பிசகாமல் பின்பற்றியதால்தான் அவர் வழிதவறிப் போனார். அளவுகோலே நகர்ந்துவிட்ட பிறகு அளவை எப்படி நம்புவது? எஞ்சினின் உறிஞ்சு விசையை அளக்கும் வேக்குவம் கேஜைப் பொருத்தினால், ஆரோக்கியமான எஞ்சின் சும்மா ஓடும்போது 17 முதல் 21 அங்குலம் வரை காட்ட வேண்டியது, அசையாமல் அதற்குக் கீழே நிற்கிறது. தாமதமான டைமிங்குக்கு அதுவும் ஓர் அடையாளம். டைமிங் லைட் ‘சரி’ என்கிறது, வேக்குவம் கேஜ் ‘இல்லை’ என்கிறது. இந்த முரண்பாட்டைக் கண்டதும் பேலன்சரைச் சந்தேகப்பட வேண்டும் என்பது பலர் பட்டுத் தெரிந்துகொண்டது. சோதிக்கும் வழியும் எளிது. முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் ஒரு திருகைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் ஒரு பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் ஒரு கோடு, மறுபக்கம் சுற்றி முட்டும் இடத்தில் ஒரு கோடு போட்டால், இரண்டுக்கும் நட்டநடுவே பிஸ்டனின் உண்மையான உச்சி இருக்கிறது. வளையத்தின் பழைய கோடு அங்கே இல்லையென்றால் வழக்கு முடிந்தது.

இப்படி மனிதர்கள் வாயிலாகக் கைமாறும் அறிவைப் பற்றி முறையான ஆய்வே இருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் இருந்த மானிடவியலாளர் ஜூலியன் ஆர், நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பணியாளர்களோடு கூடவே சுற்றி, அவர்கள் வேலையைக் கவனித்து எழுதிய புத்தகம் 1996-இல் வந்தது. கம்பெனி அவர்களுக்குப் படிப்படியான வழிமுறைகளை அச்சிட்டுத் தந்திருந்தது. ஆனால் சிக்கலான கோளாறு வந்தபோது அவர்கள் செய்தது, பழைய கோளாறுகளின் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. சாப்பாட்டு மேசையில் கூட அதே பேச்சு. இயந்திரம் காட்டிய பிழைக்குறி ஒன்று, உள்ளே நடந்த கோளாறு வேறொன்று என்ற நிலையில், இரண்டு பேர் மாறிமாறிக் கதை சொல்லியே எதைச் சோதிக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்துசேர்ந்ததை ஆர் விவரிக்கிறார். சம்பளம் வாங்கும் தொழில்முறைப் பணியாளர்களும் கம்பெனி தந்த வழிமுறைகளும் இருந்த இடத்திலேயே நிலைமை இதுவென்றால், கம்பெனியே மறந்துபோன ஐம்பது வருஷத்து பிக்கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையில் நடக்கும் பேச்சை வேலைக்கு இடைஞ்சல் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சான்றை எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

அடுத்த ஆட்சேபம் காசு சம்பந்தப்பட்டது, அதனாலேயே வலுவானது. இந்த வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன, விலையும் பல பாகங்களுக்கு அதிகமில்லை. காரணம் தேடி நாளைக் கழிப்பதைவிட, சந்தேகமானதை எல்லாம் மாற்றிவிட்டுப் போகலாமே என்கிறார்கள். இரண்டு விஷயங்களை இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்று, புதுப் பாகம் என்றால் நல்ல பாகம் என்று அர்த்தமில்லை. மறுதயாரிப்புப் பாயின்ட்டும் கண்டென்சரும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே பழுதாக இருப்பது ஆர்வலர்கள் நன்கு அறிந்தது. மற்றது, ஒரே நேரத்தில் நாலு பாகத்தை மாற்றிவிட்டால், வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, சரியாகாவிட்டால் கோளாறு பழையதா, நாம் புதிதாகச் சேர்த்ததா என்பதும் தெரியாது. 1970-களின் டாட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கிறது, எஞ்சின் பிடிக்கிறது. சாவியை விட்ட அந்த நொடியில் அணைந்துவிடுகிறது. மறுபடி திருப்பினால் மறுபடி அதே கதை. பெட்ரோலில் கோளாறு என்று நினைப்பவர் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றிக்கொண்டே போகலாம். சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது மின்சாரம் ஒரு குறுக்கு வழியில் இக்னிஷன் காயிலுக்குப் போகிறது; சாவியை விட்டதும் கேபினின் முன்சுவரில் இருக்கும் ஒரு சின்னப் பீங்கான் ரெசிஸ்டர் வழியாகப் போக வேண்டும். அந்த ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. சுற்று போகும் வழி தெரிந்தவருக்கு இந்த அடையாளம் ஒன்றே போதும். சாமானும் மலிவு, மாற்றுவதற்குச் சில நிமிஷம். அது தெரியாதவர் நூற்றுக்கணக்கான டாலரைக் கொட்டுவார்.

ஃபோர்டின் மீட்டர் போர்டும் இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்கிறது. பெட்ரோல் முள்ளும் சூடு காட்டும் முள்ளும் ஒரே நாளில் பொய் சொல்லத் தொடங்கினால், டேங்கில் மிதவையும் எஞ்சினில் சென்சாரும் சேர்ந்தா கெட்டுப்போகும்? இரண்டுக்கும் பொதுவானது எது என்று கேட்க வேண்டும். மீட்டர் போர்டின் முதுகில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் இருக்கிறது. அது 12 வோல்ட்டை விட்டு விட்டுத் தந்து, சராசரியில் சுமார் 5 வோல்ட்டாக முள்களுக்கு அனுப்புகிறது. அதற்குள் இருக்கும் காயில் சூடாகி, அது சுற்றியுள்ள உலோகப் பட்டை வளைந்து தொடர்பைத் துண்டிக்க, அதன் தகரக்கூடு எர்த்தைத் தொட்டிருக்க வேண்டும். எர்த் போனால் துண்டிப்பு நிற்கும், முழு வோல்ட்டும் பாயும், எல்லா முள்ளும் கோடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: அழகாகப் பெயின்ட் அடித்துச் சீர்செய்த வண்டிகளில்தான் இந்த எர்த் கோளாறு அடிக்கடி எட்டிப்பார்க்கிறது, ஏனென்றால் இரும்போடு இரும்பு தொட்ட இடத்தில் இப்போது புதுப் பெயின்ட் நிற்கிறது.

சூடேறியதும் வண்டி நின்றுபோவது இன்னொரு பழைய வழக்கு. இதற்குப் பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பதும் காரணமாகலாம், கண்டென்சர் சூட்டில் தளர்வதும் காரணமாகலாம். வெளியே தெரியும் அடையாளம் இரண்டுக்கும் ஒன்றே. ஆறியதும் இரண்டும் மறைந்துவிடும். ஆகவே நின்ற அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். ஏர் கிளீனரைத் தூக்கிவிட்டு, கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி திராட்டிலைக் கையால் ஒரு இழுப்பு இழுத்தால், உள்ளே பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் சந்தேகம் இக்னிஷன் பக்கம் திரும்புகிறது. வறண்டிருந்தால் பெட்ரோல் பக்கம். நல்ல வைத்தியர் மருந்து எழுதுமுன் எப்போது வலிக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்று கேட்பதைப்போல, அனுபவமுள்ள ஆர்வலர் முதலில் கேட்பது ‘நின்றபோது பார்த்தீர்களா?’ என்றுதான். பதில் ‘இல்லை’ என்றால் மேற்கொண்டு எந்த ஆலோசனையும் சொல்லாமல், பார்த்துவிட்டு வரச்சொல்வார். அந்தக் கண்டிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் கூட்டம் சொல்வதெல்லாம் சரியாகுமா? ஆகாது, இதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆவி அடைப்புக்குப் பெட்ரோல் குழாயில் துணி காயப்போடும் மரக்கிளிப்புகளை வரிசையாக மாட்டிவிடுவது அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வைத்தியம். மரம் சூட்டைக் கடத்துவதில் மகா மோசமான பொருள். குழாயிலிருந்து சூட்டை இழுத்து வெளியேற்ற அதனால் முடியாது. ஆனால் கிளிப் மாட்டுவதற்கு வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்ததில் எஞ்சின் ஆறியிருக்கும், வண்டியும் கிளம்பியிருக்கும். வைத்தியம் பலித்ததாக ஊரெல்லாம் பேச்சு. நம்பிக்கை இப்படித்தான் அறிவின் உடையில் நுழைகிறது. இதற்காகக் கூட்டு அறிவையே தள்ளிவிட வேண்டும் என்பவர்களுக்கு என் பதில்: தனி ஆளிடமும் இதே தவறு நடக்கும், ஆனால் அதை மறுத்துப் பேச அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். கூட்டத்தில் ‘அளந்தாயா?’ என்று கேட்க ஒருவராவது உண்டு. அந்தக் கேள்விக்கு இடமிருக்கிறதா என்பதே நல்ல கூட்டத்துக்கும் வெற்றுக் கூட்டத்துக்கும் வித்தியாசம். செல்ஃப் எடுக்கவில்லை என்பவரிடம் ‘பேட்டரியை மாற்று’ என்று நாலு பேர் சொல்லலாம். ஐந்தாமவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கொம்பிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துவிட்டு, செல்ஃபைத் திருப்பும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கச் சொல்கிறார். அரை வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரியையும் எஞ்சினையும் இணைக்கும் கேபிளிலோ அதன் முனையிலோ தடை இருக்கிறது. அந்த ஒரு எண் நாலு பேர் அபிப்பிராயத்தைவிடக் கனமானது.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது வேறொன்று. உதவி கேட்டு வருகிறவர்களில் பலர், வண்டி ஓடத் தொடங்கியதும் எது சரிசெய்தது என்று திரும்பி வந்து சொல்வதில்லை. பத்துப் பேர் யோசித்து, பத்து யூகம் தந்து, எது மெய்யானது என்பது தெரியாமலே வழக்கு மூடப்படுகிறது. அறிவு சேரும் இடம் அந்தக் கடைசி வாக்கியம்தான். என்ன அடையாளம், என்ன அளந்தோம், எதை மாற்றியபோது போயிற்று, பழையதை மறுபடி மாட்டியபோது கோளாறு திரும்பி வந்ததா என்று நாலு வரி எழுதிவைத்தால், அடுத்த ஊரில் அடுத்த ஆளுக்கு அது விளக்கு. 1960-களிலும் 1970-களிலும் டீலர் ஒர்க்‌ஷாப்புகளில் இந்த வண்டிகளைப் புதிதாகவே கையாண்ட மெக்கானிக்குகள் இன்று முதியவர்கள். கார்புரேட்டரின் உறிஞ்சு சத்தத்தை வைத்தே காற்று எங்கே கசிகிறது என்று சொல்லும் காதுகள் அவர்களுடையவை. அவர்களிடம் எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி எந்த மேனுவலிலும் ஏறாதது.

வண்டியின் உடம்பைச் சீர்செய்வதிலும் இதே நியாயம் செல்லும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒகையோ போன்ற மாநிலங்களில் கேபினின் பின்மூலைகள், கதவுக்குக் கீழேயுள்ள ராக்கர் பேனல், தரைத்தகடு, கேபின் சேசிஸில் உட்காரும் இடம் எல்லாம் உள்ளிருந்தே அரித்துப்போகும். அரிசோனாவின் வறண்ட காற்றில் நின்ற வண்டியின் இரும்பு திடமாக இருக்கும், ரப்பரும் டாஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும். துரு எங்கே பிடித்திருக்கிறது என்பதே தண்ணீர் எங்கே தங்கியது என்பதற்கான சாட்சியம். அதைப் படிக்காமல் தகட்டை வெட்டியெறிந்து புதுத்தகடு வெல்டு செய்தால், கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகும் தண்ணீர் புதுத்தகட்டையும் அரிக்கத் தொடங்கும். வெட்டுமுன் படம் எடுங்கள், ஒயரைக் கழற்றுமுன் சீட்டுக் கட்டுங்கள் என்று கூட்டத்தின் மூத்தவர்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, மிகக் கனமான ஆட்சேபம்: இந்த வண்டிகள் புகை கக்குபவை, பாதுகாப்பில்லாதவை, இவற்றை உயிர்ப்பிப்பது சரியா? புகையைப் பற்றிய குற்றச்சாட்டு உண்மை. 1975-இல் ஃபோர்டு எஃப்-150 பிறந்ததே, மொத்த எடைவரம்பை 6000 பவுண்டுக்கு மேலே தூக்கி, கேட்டலிடிக் கன்வெர்டர் பொருத்தும் கட்டாயத்திலிருந்து தப்பிக்கத்தான். இதை மறைத்து இந்த வண்டிகளைப் புகழ்வது நேர்மையாகாது. தினமும் நூறு மைல் போய்வர இவை ஏற்றவை என்று நான் சொல்லமாட்டேன். வாரத்தில் ஓரிரு முறை ஓடும் வண்டியாக, டைமிங்கும் கார்புரேட்டரும் சரியாக வைக்கப்பட்ட வண்டியாக இருந்தால், தவறான டைமிங்கில் பச்சைப் பெட்ரோலைத் துப்பிக்கொண்டு ஓடும் அதே வண்டியைவிட அது பல மடங்கு மேல். பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. 1972 வரை வந்த செவர்லே பிக்கப்புகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதன் ஹோஸும் மூடி ரப்பரும் எத்தனை வருஷத்தவை என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும், ஆல்கஹால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்னும். 1966 வரையிலான ஃபோர்டு, செவர்லே பிக்கப்புகளின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான்: எங்காவது ஒரு குழாய் விட்டால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967 மாடலிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை வந்தது. பழைய வண்டியில் இந்த இரட்டை அறைச் சிலிண்டரைப் பொருத்தினால் அசல் கெட்டுவிடும் என்று எதிர்க்கும் ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எதிரே வருகிறவர் அந்த அசலுக்காக உயிரைப் பணயம் வைக்கச் சம்மதித்தவர் இல்லை. பழைய சிலிண்டரைக் கழற்றி, எந்த வண்டியிலிருந்து, எந்தத் தேதியில், ஏன் கழற்றினோம் என்று சீட்டு எழுதிக் கட்டி வைத்துக்கொள்ளலாம். அசலாக ஒருநாள் கண்காட்சியில் நிறுத்த வேண்டும் என்றால் மறுபடி மாட்டுவது ஒரு பகல் வேலை.